ஈரம் பட்ட போனுக்கு சார்ஜர் போடலாமா?

கேள்வி: போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது. உடனே எடுத்துவிட்டேன், வேலை செய்தது. ராத்திரி முழுக்க அரிசிக்குள் புதைத்து வைத்தேன். இப்போது ஸ்பீக்கர் கரகரக்கிறது. சார்ஜர் செருகினால் ஈரம் இருப்பதாக எச்சரிக்கை வருகிறது. பேட்டரி 20 சதவீதம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சார்ஜர் போடாதீர்கள். போனை இப்போதே ஆஃப் செய்யுங்கள். மிச்சமிருக்கும் 20 சதவீதத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஈரத்தோடு மின்சாரமும் ஓடும்போதுதான் சேதம் வேகமெடுக்கிறது. குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். சார்ஜிங் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: வரிசையாக மெல்லிய பின்கள், நடுவே மயிரிழை இடைவெளி. அங்கே ஒரு சொட்டு தங்கி, அதில் மின்சாரம் பாய்ந்தால் உலோகம் அரித்துக் கறுக்கும், செம்பு பச்சை பூக்கும். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டிலும் இதே கதைதான். விழுந்த அன்று நன்றாக இருந்த போன் சில நாள் கழித்துத் திடீரென்று படுத்துக்கொள்வது இதனால்தான்.

அரிசி வேண்டாம். திறந்த காற்றில் காய்வதைவிட அது வேகமாக ஈரத்தை இழுத்துவிடாது. அதன் மாவும் துகளும் போர்ட்டில் அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே இதைச் செய்யாதீர்கள் என்கிறது. ஹேர் ட்ரையரும் வேண்டாம். சூடு பசையை இளக்கும், காற்று தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும்.

சிம் தட்டை வெளியே எடுங்கள். போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். ஃபேன் காற்று படும் இடத்தில் குறைந்தது ஒரு நாள் விடுங்கள். ஸ்பீக்கர் கரகரப்பு பெரும்பாலும் வலையில் தங்கிய நீர்ப்படலம்தான், காய்ந்தால் தானே போய்விடும். பல போன்களில் சிம் தட்டு போகும் துளைக்குள் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அது சிவந்திருந்தால் அங்கே தண்ணீர் பட்டிருக்கிறது. வாரண்டியில் பழுது பார்த்துத் தருவது சந்தேகம்தான். தூசியும் தண்ணீரும் தாங்கும் என்பதற்கான ‘ஐபி68’ தரக்குறி பெட்டியில் போட்டிருப்பதை நம்பியும் இருக்க வேண்டாம். அந்தச் சோதனை புதுப் போனை நல்ல தண்ணீரில் வைத்துச் செய்வது. பழகப் பழக சீல் தளரும்.

காய்ந்தபின் ஆன் செய்ததும் அந்த 20 சதவீதத்தில் பேக்கப் எடுங்கள். சார்ஜர் அதற்கப்புறம்.

எச்சரிக்கை மறுபடி வந்தால், அல்லது விழுந்தது கடல்நீர், சோப்புத் தண்ணீர் என்றால், சர்வீஸுக்குக் கொடுங்கள். போர்டைக் கழற்றி, சீக்கிரம் ஆவியாகிவிடும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற திரவத்தில் கழுவுவார்களா என்று கேளுங்கள். சூடுகாட்டி மட்டும் தருகிற இடம் வேண்டாம். பின்மூடி உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள்: அழுத்தாதீர்கள், ஆன் செய்யாதீர்கள்.