இடுப்பு வலிக்கு மனநல ஆலோசகரா?

கேள்வி: வயது 46. மூன்று வருடமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ‘லேசான டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு சற்றுப் பிதுங்கியிருப்பது) மட்டும்தான் இருந்தது. எலும்பு மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதிக்கொடுத்து, பிசியோதெரபியோடு மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொல்கிறார். அது மனச்சோர்வு மாத்திரை என்கிறார் மருந்துக்கடைக்காரர். வீட்டிலோ, ‘எல்லாம் உன் நினைப்புதான்’ என்கிறார்கள். என் வலி பொய்யா?
- வாசகி, கரூர்

பதில்: பொய்யே இல்லை. உங்கள் மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. மூன்று மாதத்தைத் தாண்டி நீடிக்கும் வலியில், காயம் ஆறிய பிறகும் தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியைப் பெருக்கிக்கொண்டே இருக்கலாம். தூக்கக் குறைவும் பயமும் அதை இன்னும் ஏற்றிவிடும்.

ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து மிரளாதீர்கள். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் தெரிவதாக 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

மாத்திரை மனச்சோர்வுக்கு வந்ததுதான். ஆனால் 10 மி.கி. என்பது அதற்கான அளவு அல்ல; வலிக்கும் தூக்கத்துக்கும் தருகிற சிறிய அளவு. காலையில் மந்தமாக இருந்தால், படுக்கும் நேரத்தில் போடாமல் இரவு எட்டு மணிக்கே போடலாமா என்று கேளுங்கள். வாய் உலரும், மலச்சிக்கல் வரலாம். மூன்று நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்; சில வாரம் பொறுக்க வேண்டும். கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு இருந்தாலோ, டிரமடால் என்ற வலி மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி ஆலோசகர் விஷயம். ‘குனிந்தால் டிஸ்க் பிதுங்கிவிடும்’ என்று பயந்தால் தசைகள் இறுகும், உடம்பு அசையாது, வலி கூடும். எந்த அசைவுக்கு எவ்வளவு பயம் என்று அவரோடு பட்டியல் போடுங்கள். அதில் பயம் மிகக் குறைவான அசைவிலிருந்து பிசியோதெரபிஸ்ட் தொடங்குவார்: உட்கார்ந்தபடி முழங்காலைத் தொடுவது, பிறகு கணுக்கால், பிறகு நின்றபடி தரையிலிருந்து ஒரு சொம்பை எடுப்பது. ஒவ்வொரு முறையும் என்ன ஆகும் என்று நினைத்தீர்கள், என்ன ஆனது என்று எழுதி வையுங்கள். ஒருவர் ‘குனியுங்கள்’ என்றும் இன்னொருவர் ‘குனியாமல் பெல்ட் போடுங்கள்’ என்றும் சொன்னால் வைத்தியம் அங்கேயே கெட்டது. இருவரும் ஒரே திட்டத்தில் இருக்கிறார்களா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தையல் வேலை செய்கிறேன். கழுத்து வலி. வலி இல்லாத நாளில் விட்டதையெல்லாம் சேர்த்துத் தைத்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுகிறேன்.
- வாசகர், திருப்பூர்

பதில்: வலி வந்தால் நிறுத்துவது, வலி விட்டால் ஓட்டித் தள்ளுவது என்றிருந்தால் உங்கள் வேலைநேரத்தை வலிதான் முடிவு செய்யும். ஓய்வைக் கடிகாரத்திடம் கொடுங்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1970களிலேயே வலியுறுத்திய முறை இது.

மூன்று நாள், உட்கார்ந்து எத்தனை நிமிடத்தில் வலி ஏறுகிறது என்று குறியுங்கள். 25, 35, 30 என்று வந்தால் சராசரி 30. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, 24 நிமிடத்துக்கு செல்போனில் அலாரம் வையுங்கள். அடித்ததும், வலி இல்லாவிட்டாலும் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடந்து, தோளைச் சுழற்றிவிட்டு உட்காருங்கள். வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டலாம். பெரும்பாலோர் சறுக்குவது நல்ல நாளில்தான். அன்றும் அதே அளவுதான். பீஸ் ரேட்டில் கூலி குறையுமே என்பீர்கள். முதல் வாரங்களில் குறையலாம். படுத்துக் கிடக்கும் இரண்டு நாள் கூலியையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: மனநல ஆலோசகருக்குப் பணம் கட்ட வசதியில்லை. இடுப்பு வலியில் எப்போது பயப்பட வேண்டும்?
- வாசகி, விருத்தாசலம்

பதில்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் பிசியோதெரபியும் ஒரே வளாகத்தில் உண்டு. மனம் உடைந்துபோகும் நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் இலவசமாகப் பேசலாம். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்தால் அல்லது கட்டுப்பாடின்றிப் போனால், தொடையிடுக்கு மரத்துப்போனால், கால் பலமிழந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்திருப்பது ஆகியவை இருந்தால், பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.