பிறரைப் பார்த்து எழுதுவதால் மிகுபுனைவு நலிகிறதா?

மிகுபுனைவு, அதாவது ஃபேன்டஸி, என்பது நம் உலகில் நடக்கவே முடியாததை, தனக்கென விதிகள் கொண்ட கதையுலகில் நம்பும்படி நடத்திக் காட்டும் கதை.

இதில் இரவல் இல்லாமல் எழுதுவது அரிது. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1937-ல் வெளியிட்ட 'தி ஹாபிட்' நாவலில் குள்ளர்களின் பெயர்கள் பெரும்பாலும் பழைய நார்ஸ் (வட ஐரோப்பாவின் பழைய மொழி) கவிதை ஒன்றிலிருந்து வந்தவை. கதையில் வரும் மந்திரவாதியின் கேன்டால்ஃப் என்ற பெயரும் அங்கிருந்துதான். அதனால் நாவல் கெட்டுவிடவில்லை. அவர் மூலத்துக்கே போனார். எடுத்த பெயர்களுக்குப் புதிதாக ஒரு வரலாற்றையும் மொழிகளையும் கொடுத்தார்.

பின்னால் வந்த பலர் அவரை மட்டும் பார்த்து எழுதினார்கள். குள்ளர்கள், இருளின் அரசன், நெடும்பயணம் எல்லாம் வந்தன. இவை ஏன் இந்தக் கதைக்குத் தேவை என்ற கேள்விதான் வரவில்லை. ஜெராக்ஸ் பிரதியையே மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான் இது: ஒவ்வொரு முறையும் எழுத்து மங்கும்.

மற்ற கதைகளைவிட இங்கே நஷ்டம் அதிகம் என்பது என் கருத்து. மிகுபுனைவின் உயிரே வியப்பு. அடுத்த வளைவில் என்ன நிற்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அப்புறம் வியக்க என்ன இருக்கிறது? ஆனாலும் நலிவது அப்படி எழுதிய அந்தந்தப் புத்தகம்தான்; இலக்கிய வகை அல்ல.

டிராகன் வந்தாலே அது காப்பி என்று பலர் நினைக்கிறார்கள். டிராகன் எந்த எழுத்தாளருக்கும் சொந்தமல்ல, நாவல் என்ற வடிவம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அது கதைகளில் இருக்கிறது.