பிசினஸ் கிளாஸ் சீட்: ஜன்னலை அப்புறம் பார்க்கலாம், முதலில் கால் எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: "14 மணி நேர இரவு விமானம். முதல் முறையாக பிசினஸ் கிளாஸ். சீட் மேப்பில் எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி தெரிகிறது. ஜன்னல் ஓரமாக ஒன்றைப் போட்டுவிட்டால் போதுமா?"

போதாது. "எந்த சீட் எடுத்தாலும் எகானமியை விட மேல், சந்தோஷமாகப் போய் வாருங்கள்" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன். எகானமியை விட மேல்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரே கேபினில், ஒரே கட்டணத்தில், ஒருவர் காலை நீட்டித் தூங்கிக்கொண்டு போகிறார். இரண்டு வரிசை தள்ளி இன்னொருவர் முழங்காலோடு மல்லுக்கட்டிவிட்டு விடியும் வரை படம் பார்க்கிறார். சீட் எண்ணைத் தவிர இருவருக்கும் வேறு வித்தியாசம் இல்லை.

பணத்திமிர் என்று ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு முன்னாடியே சொல்லிவிடுகிறேன். சொந்தக் காசு கொடுத்து நான் இதுவரை பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வாங்கியதில்லை. ஆபீஸ் வேலையாகப் பறந்து சேர்த்த மைல்களை (அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் புள்ளிகள்), அம்மாவைத் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போவதற்காகச் செலவழித்தேன். அம்மாவுக்கு ஒரு முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, இன்னொன்று காத்துக்கொண்டிருக்கிறது. மைல்களைக் கொடுத்து மிக்ஸி வாங்கலாமே என்று ஒருவர் அறிவுரை சொன்னார். அவரை விடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது நீண்ட தூர விமானங்களில் பிசினஸ் கிளாஸ் பெரும்பாலும் 1-2-1 அமைப்பில் இருக்கிறது. ஜன்னல் பக்கம் ஒன்று, நடுவில் இரண்டு, அந்தப் பக்கம் ஒன்று. யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். சீட் முழுக்கத் தட்டையாக விரிந்து படுக்கையாகும். படுக்கை நீளம் 6 அடி 6 அங்குலம் என்கிற மாதிரி விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அவ்வளவு நீளம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? முன்சீட்டுக்காரரின் பக்கத்து மேஜைக்கு அடியில் ஒரு பொந்து செய்து, உங்கள் காலை அதற்குள் விடச் சொல்கிறார்கள். இடுப்பு வரைக்கும் அரண்மனைக் கட்டில், கணுக்காலுக்குக் கீழே தபால் பெட்டி. நீளத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் அந்தப் பொந்தின் அகலத்தைப் போட்டு நான் பார்த்ததில்லை. மல்லாந்து படுத்து அசையாமல் தூங்குகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஒருக்களித்துப் படுப்பவர்கள், முழங்கால் சரியாக மடங்காதவர்கள், பெரிய பாதக்காரர்கள் எல்லாம் திரும்பும்போதெல்லாம் காலை உருவி, திருப்பி, மறுபடி நுழைக்க வேண்டும்.

முதல் வரிசைக்கு முன்னால் சீட் கிடையாது, தடுப்புச் சுவர்தான். அதனால் பல விமானங்களில் அந்த வரிசைக்கு மட்டும் கால் வைக்கும் இடம் பெரிதாக இருக்கும், சிலவற்றில் முழு அகலத்துக்கும் திறந்தே இருக்கும். பிசினஸ் கிளாஸ் இரண்டு கேபினாகப் பிரிந்திருந்தால் இரண்டாவது கேபினின் முதல் வரிசைக்கும் இதே கதைதான். இதைப் பெரும்பாலான நிறுவனங்கள் சீட் மேப்பில் எழுதி வைப்பதில்லை, நாமாகத்தான் தேட வேண்டும். ஏரோலோபா என்று ஒரு தளம் இருக்கிறது. விமான வாரியாக, கட்டத்துக்குப் பதிலாக சீட்டின் உண்மையான வடிவத்தை வரைந்து காட்டுவார்கள். எது ஜன்னலை ஒட்டி இருக்கிறது, எது நடைபாதைப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது என்று அதில் தெளிவாகத் தெரியும்.

"முதல் வரிசையிலா? அங்கேதான் குழந்தைத் தொட்டில் மாட்டுவார்கள்" என்று ஒரு கூட்டம் கிளம்பி வரும். உண்மைதான், தொட்டில் மாட்டும் சுவர் பெரும்பாலும் அதுதான். எங்கள் பயணத்தில் பக்கத்திலேயே ஒரு கைக்குழந்தை இருந்தது. கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போனது. எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய மனிதர் விட்ட குறட்டை மட்டும் கடைசி வரை நிற்கவில்லை. குறட்டை விடுகிறவர் எங்கே உட்காருவார் என்று எந்த மேப்பும் காட்டாது. இன்னொரு ஆட்சேபம் இதைவிட நியாயமானது: சில விமானங்களில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கமே சாப்பாடு தயாராகும் இடமும் கழிவறையும் இருக்கும். பாத்திரச் சத்தம், திரை விலகும்போதெல்லாம் வெளிச்சம். தூக்கம் லேசானவர் என்றால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கள் கதை. டிக்கெட் போட்டதும் தம்பி போன் செய்தான். "அக்கா, அம்மாவுக்கு ஜன்னல் சீட் போடு, மேகம் பார்ப்பாங்க." ராத்திரி விமானத்தில் என்ன மேகம்? தவிர, 1-2-1 அமைப்பில் ஜன்னல் சீட் என்றால் ஒற்றை சீட். சுற்றிலும் தடுப்பு, சிலவற்றில் கதவு வேறு. வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கவே என்னைக் கூப்பிடுகிற அம்மா, அந்த அறைக்குள் தனியாக உட்கார்ந்து எந்தப் பொத்தானை அழுத்தினால் சீட் சாயும் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். பணிப்பெண்ணைக் கூப்பிடு என்றால் கூப்பிட மாட்டார், "பாவம், அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு வேலை" என்பார்.

அதனால் முதல் வரிசை, நடுவில் இருக்கும் இரண்டு சீட். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வரிசைக்கு வரிசை இடம் மாறும் அமைப்பில், ஒரு வரிசையில் நடு சீட்டுகள் இரண்டும் தோளோடு தோள் ஒட்டியிருக்கும். தேனிலவு சீட் என்று சொல்வார்களே, அது. அடுத்த வரிசையில் இரண்டுக்கும் நடுவே மேஜைகள் வந்து, ஆளுக்கொரு நடைபாதை ஓரமாக ஒதுங்கிவிடும். பக்கத்து பக்கத்து எண் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகப் போனால், பேசுவதற்கு எக்க வேண்டியிருக்கும். எங்கள் விமானத்தில் முதல் வரிசை ஒட்டிய ஜோடி. தடுப்பை இறக்கிவிட்டால் கை எட்டும் தூரத்தில் அம்மா.

கிளம்பும் வாரத்தில் விமான மாடலையே மாற்றிவிட்டார்கள். மாடல் மாறியதற்கு மின்னஞ்சல் வந்தது, சீட் மாறியதற்கு ஒரு வரி இல்லை. சந்தேகப்பட்டுச் செயலியைத் திறந்து பார்த்தால் அம்மா ஒரு பக்க ஜன்னலில், நான் அந்தப் பக்கக் கடைசியில். போன் செய்து, அந்தக் காத்திருப்பு இசை மனப்பாடம் ஆகும் வரை காதில் வைத்திருந்து, மறுபடி முதல் வரிசை ஜோடியை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இந்த விஷயத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் இப்படித்தான். சீட் போட்டாயிற்று என்று விட்டுவிடாமல் கிளம்பும் நாள் வரைக்கும் அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

அவ்வளவு பாடுபட்டு வாங்கிய சீட்டில் போய் உட்கார்ந்து, பையைக்கூட மேலே வைக்கவில்லை. ஒரு பணிப்பெண் வந்து குனிந்து, "மேடம், பின்னால் ஒரு தம்பதிக்குத் தனித்தனி சீட் வந்துவிட்டது, நீங்கள் மாற்றிக்கொள்ள முடியுமா?" என்றார். அந்தத் தம்பதியும் பின்னால் நின்று சிரித்தார்கள். நான் முடியாது என்றேன். காரணமும் சொன்னேன், முழங்காலையும் காட்டினேன். பணிப்பெண் புரிந்துகொண்டார். அம்மாவுக்குத்தான் புரியவில்லை.

"பாவம்டி, புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி இருக்காங்க. குடுத்துடேன்."

"உன் கால்?"

"என் காலுக்கு என்ன? மடக்கி வெச்சுக்கறேன்."

மடங்கவில்லை என்றுதானே ஆபரேஷன் செய்தோம்! சாப்பாடு வரும் வரை அம்மா என்னோடு பேசவில்லை. கல்நெஞ்சக்காரி என்று நீங்களும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் முன்கூட்டியே சேர்த்து எடுக்க வேண்டும். அவர்களுக்கும் விமானம் மாறியதால் பிரிந்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கேட்க வேண்டியது நிறுவனத்தை. கேட்பது தப்பில்லை, மறுத்த பிறகு பயணம் முழுக்க முறைத்துக்கொண்டு வருவதுதான் தப்பு. உங்களிடமும் யாராவது கேட்பார்கள். ஒன்றுக்கு ஒன்று சமமான சீட் என்றால் தாராளமாகக் கொடுங்கள். இல்லையென்றால் சிரித்த முகத்தோடு மறுத்துவிடுங்கள்.

விளக்கை அணைத்ததும் சீட்டை விரித்து, மெத்தை போட்டு, ஆபரேஷன் ஆன காலுக்கு அடியில் உபரித் தலையணை ஒன்றை வைத்தேன். அம்மா ஒருக்களித்துப் படுத்து, காலை முழுசாக நீட்டி, நடுவில் ஒரு முறை பாத்ரூம் போக எழுந்ததோடு சரி, காலை உணவு வாசனை வரும் வரை தூங்கினார். எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு தூங்கினாளா?" எந்தப் பொண்ணு என்று நான் கேட்கவில்லை.

சீட் விவகாரம் இப்படி நல்லபடியாக முடிய, விமானம் மாறும் இடத்தில்தான் என் ரத்தம் கொதித்தது. அம்மாவுக்கு வீல்சேர் கேட்டிருந்தோம். இறங்கியதும் அழைத்துப் போய், வீல்சேர் பயணிகளுக்கென்று ஒதுக்கிய ஒரு மூலையில் வரிசையாக நிறுத்தினார்கள். "ஆள் வருவார், இருங்கள்" என்று சொல்லிவிட்டு, அழைத்து வந்தவர் போய்விட்டார். அங்கே ஒரு பெரியவர் எவ்வளவு நேரமாகவோ உட்கார்ந்திருந்தார், கையில் போர்டிங் பாஸ், மொழி தெரியாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. பாத்ரூம் போக வேண்டும் என்று சைகை காட்டுகிறார், கடந்து போகிற சீருடைக்காரர்கள் எல்லோரும் "இதோ" என்று கையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். கடைசியில் நானும் இன்னொரு பயணியும் சேர்ந்து தள்ளிக்கொண்டு போனோம். வீட்டுக்குள் அதிகாரமாக நடமாடிய மனிதர்கள், வீல்சேரில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து அவர்களிடம் யாரும் பேசுவதில்லை. பேச்செல்லாம் கூட வந்தவர்களிடம்தான். அம்மா எதிரிலேயே, "இவரால் நடக்க முடியுமா?" என்று என்னைக் கேட்டார்கள். அம்மாவுக்குக் காதும் கேட்கும், வாயும் உண்டு. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். எங்கேயாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். டிக்கெட்டில் விமான மாடல் போட்டிருக்கும், அதை முதலில் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. எமிரேட்ஸின் பழைய 777-களில் பிசினஸ் கிளாஸ் 2-3-2, அதாவது அங்கேயும் இரண்டு பேருக்கு இடையே நடு சீட் என்று ஒன்று உண்டு, அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். 2024 முதல் அவற்றைப் புதுப்பித்து 1-2-1 ஆக்கி வருகிறார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-லேயே முழுத் தட்டைப் படுக்கையைக் கொண்டுவந்த நிறுவனம். ஆனால் அந்தப் பரம்பரையில் வந்த பழைய சீட்டுகளில் ஜன்னல் ஓரக்காரர் பின்னோக்கி உட்கார வேண்டும், ராத்திரி எழுந்தால் பக்கத்து ஆளின் காலைத் தாண்ட வேண்டும். 2019-ல் வந்த கதவு வைத்த புது சீட்டில் அந்தத் தொல்லை இல்லை. கத்தார் ஏர்வேஸின் கியூசூட் என்கிற பிசினஸ் கிளாஸில் ஒரு வரிசை முன்னோக்கி, அடுத்தது பின்னோக்கி. பின்னோக்கிப் பறந்தால் தலை சுற்றுமோ என்று பயப்படுகிறவர் பார்த்து எடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நீண்ட தூர ஏ350-ல் சீட் சாய்ந்து படுக்கையாகாது. எழுந்து நின்று, முதுகுப் பகுதியை முன்னால் மடக்கிப் போட்டு, காலைக் கோணலாக வைத்துப் படுக்க வேண்டும். சீட் என்னவோ அகலம்தான், ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு நான் அதை எடுக்க மாட்டேன்.

எமிரேட்ஸ் ஏ380 மேல்தளத்தின் பின்கோடியில் பார் இருக்கிறது, தூங்க நினைப்பவர் அதற்குப் பக்கத்து வரிசைகளைத் தவிர்க்கலாம். குலுக்கலுக்குப் பயம் என்றால் இறக்கைக்கு அருகில் போங்கள், எஞ்சின் சத்தம் ஆகாது என்றால் முன்னால் போங்கள். இரண்டும் ஒரே சீட்டில் கிடைக்காது. விமானத்தையே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் 787 அல்லது ஏ350. அவற்றில் கேபின் காற்றழுத்தத்தை ஏறக்குறைய 6,000 அடி உயரத்துக்கு உரிய அளவில் வைத்திருப்பார்கள், பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். இறங்கும்போது தலைபாரம் குறைவாக இருப்பது எனக்கே தெரிகிறது.

ஜன்னல் கூடாது என்று நான் சொல்லவில்லை. தனியாகப் போகிறவர், மல்லாந்து தூங்குகிறவர், யாரும் உரசிக்கொண்டு போகக் கூடாது என்பவர் என்றால், ஜன்னலை ஒட்டி சீட்டும் நடைபாதைப் பக்கம் மேஜையும் வருகிற வரிசையில் எடுங்கள். அடுத்த வரிசையில் இது தலைகீழாக இருக்கும், ஜன்னல் சீட் என்ற பெயரில் நடைபாதை ஓரம் உட்கார்ந்திருப்பீர்கள். சில நிறுவனங்கள் மலிவு பிசினஸ் டிக்கெட்டுக்கு சீட் தேர்வுக்கென்று தனியாகப் பணம் கேட்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் 14 மணி நேரம் என்கிறீர்கள், கொடுத்துவிடலாம். கொடுக்க மனமில்லை என்றால் செக்-இன் திறக்கிற நிமிடத்தில் உள்ளே போங்கள், அந்த நேரத்தில் முதல் வரிசை சில சமயம் காலியாகும்.

நிறுவனம், விமான மாடல், நீங்கள் எப்படிப் படுத்தால் தூக்கம் வரும் என்கிற மூன்றும் கேள்வியில் இல்லை. அதைச் சொன்னால் சீட் எண்ணையே சொல்லிவிடலாம்.