டாமி ஜான் சர்ஜரி என்கிறார்களே, டாமி ஜான் யார்? டாக்டரா, பேஸ்பால் வீரரா? அதைச் செய்துகொண்டால் பந்தின் வேகம் கூடும் என்பது உண்மையா?

டாக்டர் இல்லை, நோயாளி. முழங்கையில் அறுந்துபோன லிகமென்ட்டுக்கு (எலும்புகளைக் கட்டும் நார்) பதிலாக உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்துப் பொருத்தும் அறுவை அது. அறுவை செய்த டாக்டரின் பெயர் ஃபிராங்க் ஜோப். டாமி ஜான் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 1963 முதல் 1989 வரை, நடுவில் 1975 ஒன்றைத் தவிர, 26 சீசன் ஆடிய இடது கை பிட்சர், அதாவது பேட்டருக்குப் பந்து எறிபவர். கணக்கில் 288 வெற்றி, 231 தோல்வி (பேஸ்பாலில் வெற்றி தோல்வியை பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள்). அந்த 288இல் 124 முழங்கை போவதற்கு முன், 164 அதற்குப் பின். இந்த இரண்டு எண்களைப் பார்த்துத்தான் பலர் "சர்ஜரி செய்தால் கை பலமாகிவிடும்" என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆகாது. அவர் எப்படிப்பட்ட பிட்சர் என்று தெரிந்தால் காரணம் புரியும்.

முதலில் முழங்கை. நம் பவுலர் பந்தை விடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. பிட்சருக்கு அந்தத் தடை கிடையாது, ஆனால் ஓடி வரவும் வழியில்லை. 10 அங்குல மேட்டில் நின்ற இடத்திலிருந்து, 60 அடி 6 அங்குலம் தள்ளியுள்ள பேட்டரை நோக்கி எறிய வேண்டும். வேகம் முழுவதும் ஒரு காலடி, இடுப்புத் திருப்பம், சாட்டை போல் சுழலும் கை இவற்றிலிருந்தே வர வேண்டும். கை பின்னால் மல்லாந்து முன்னால் திரும்பும் அந்தக் கணத்தில் முழங்கையின் உள்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கும். பிளக்க விடாமல் பிடித்து வைப்பது மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் கட்டும் ஒரு சின்ன லிகமென்ட். அங்கே விழும் முறுக்கு விசையை ஆய்வகத்தில் அளந்தால் சுமார் 64 நியூட்டன் மீட்டர் வருகிறது. சடலத்தின் முழங்கையில் அந்த லிகமென்ட்டை மட்டும் சோதித்தால் அதில் பாதியிலேயே, 32 வாக்கில், அறுந்துபோகிறது. மீதியைத் தாங்குவதில் பெரும்பங்கு முன்கைத் தசைகளுக்கு. தசை களைத்துவிட்டால் சுமை லிகமென்ட் தலையில் விழும். நம் வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகு போவதும் பிட்சருக்கு முழங்கை போவதும் இந்த வித்தியாசத்தால்தான்.

டாமி ஜான் வேகத்தை நம்பிய ஆள் இல்லை. அவருடைய ஆயுதம் சிங்கர் என்ற வகைப் பந்து. பந்தில் இரண்டு தையல் வரிசைகள் மிக நெருங்கி ஓடும் இடம் ஒன்று உண்டு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அந்தத் தையல்களின் மேலேயே நீளவாக்கில் வைத்து, கட்டைவிரலை அடியில் கொடுத்து, விடும்போது ஆள்காட்டி விரலில் சற்று அழுத்தம் கூட்டினால், பந்து எறிகிற கையின் பக்கமாக ஒதுங்கிக் கடைசியில் இறங்கும். பேட்டர் பந்தின் மேல்பாதியை அடிப்பார். பந்து தரையில் உருளும். முதல் பேஸில் (பேட்டர் அடித்துவிட்டு ஓடிச் சேர வேண்டிய முதல் நிலை) ஏற்கெனவே ஓட்டக்காரர் இருந்தால் அந்த ஒரே உருட்டலில் இரண்டு பேர் அவுட், அதாவது டபுள் பிளே. ஒரே பந்தில் இரண்டு அவுட் கிடைக்கும்போது மூன்று, நான்கு பந்து செலவழித்து ஒரே பேட்டரை அடிக்க விடாமல் அவுட் ஆக்கும் ஸ்ட்ரைக் அவுட் எதற்கு? சிங்கரில் நடக்கும் வழக்கமான தப்பு, வேகத்தைக் கூட்டப் பார்ப்பது. கூட்டினால் பந்து இறங்காமல் தட்டையாக வந்து இடுப்பு உயரத்தில் நிற்கும். நல்ல பேட்டர் அதை ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) ஆக்கிவிடுவார்.

1974 ஜூலை 17. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக மான்ட்ரியல் எக்ஸ்போஸுக்கு எதிராக எறிந்துகொண்டிருந்தார். அந்த சீசனில் அதுவரை 13 வெற்றி, 3 தோல்வி. டபுள் பிளே எடுக்க ஒரு சிங்கரை விட்டபோது கையில் ஏதோ கழன்றது. இன்னொரு பந்து எறிந்து பார்த்துவிட்டுத் தானே மேட்டை விட்டு இறங்கினார். லிகமென்ட் அறுந்திருந்தது. அந்தக் காலத்தில் இதற்கு மருந்து ஓய்வுதான். ஓய்விலும் ஒட்டாவிட்டால் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

செப்டம்பர் 25 அன்று ஜோப் செய்தது இது: வலது முன்கையிலிருந்து பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு, 8 வடிவில் கோத்துக் கட்டினார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். எடுத்ததால் வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நாண் இல்லாமலே பிறப்பவர்கள் பலர். உங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்க, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக்கொண்டு மணிக்கட்டை உள்ளே மடக்குங்கள். நடுவில் கயிறு போல் எழுந்து நிற்பது அதுதான். இரண்டு கையிலும் இல்லாதவருக்குத் தொடையின் உள்பக்கத்திலிருந்து ஒரு நாணை எடுப்பார்கள்.

கோத்த நாண் பிடித்துக்கொண்டது. சிக்கல் வந்தது பக்கத்தில் ஓடும் அல்னர் நரம்பில். இடித்தால் சுரீரென்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்குமே, அதே நரம்பு. அவர் விரல்கள் மரத்து, பறவை நகம் போல் மடங்கிக்கொண்டன. டிசம்பரில் நரம்பை இடம் மாற்ற இரண்டாவது அறுவை. 1975 முழுக்கத் தேறுவதிலேயே போனது. உடலியக்கவியல் படித்த சக பிட்சர் மைக் மார்ஷலின் யோசனைப்படி எறியும் முறையையும் மாற்றிக்கொண்டார். 1976இல் திரும்பி வந்து 10 வெற்றி, 10 தோல்வி. 1977இல் 20 வெற்றி. பிறகு நியூயார்க் யாங்கீஸுக்குப் போய் 1979இல் 21, 1980இல் 22. கடைசியாக ஆடியபோது வயது 46. புது நாண் அவருக்குத் தந்தது மறுபடி எறியும் வாய்ப்பு. அந்த 164 வெற்றியை எடுத்தது சிங்கர். வேகமே மூலதனமாக இருந்த பிட்சரை இதே இடத்தில் வைத்துப் பார்த்தால், வயது முப்பதைத் தாண்டியபின் இன்னும் 14 சீசன் ஓடியிருப்பார் என்று நான் நம்பமாட்டேன்.

இன்று இந்த அறுவை செய்துகொள்ளும் மேஜர் லீக் பிட்சர்களில் பத்தில் எட்டுப் பேருக்குக் குறையாமல் திரும்பி எறிகிறார்கள். ஆனால் 12 முதல் 18 மாதம் போகும். முதல் ஓரிரு வாரம் முழங்கையை மடக்கிக் கட்டி வைப்பார்கள். பிறகு டிகிரி கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள். பந்தைத் தொடவே நான்கு, ஐந்து மாதம். முதலில் 45 அடி தூரத்துக்கு மெதுவாக 25 எறி, இடைவெளி, மறுபடி 25. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். வலியில்லாமல் முடிந்தால் 60 அடி, பிறகு 90, 120. மேட்டில் ஏறுவது எட்டு, ஒன்பது மாதத்துக்குப் பிறகு. அங்கும் ஃபாஸ்ட்பாலைப் பாதி பலத்தில் தொடங்குவார்கள். வளைவுப் பந்துக்கு அனுமதி கடைசியில்தான்.

கெடுவது பெரும்பாலும் ஏழு, எட்டாவது மாதத்தில். கை லேசாக இருக்கும், வலி இருக்காது, ஆளுக்கு அவசரம் வந்துவிடும். நாண் எலும்போடு ஒட்டியிருந்தாலும் லிகமென்ட் போல் முறுக்கைத் தாங்கப் பழக இன்னும் மாதக்கணக்கில் ஆகும். அதைவிடப் பெரிய தப்பு, முழங்கையையே பார்த்துக்கொண்டு தோளையும் காலையும் விட்டுவிடுவது. இறுகிய தோளோடு எறிந்தால் பளு திரும்ப முழங்கைக்கே வரும். இதற்கு நேர்மாறாக, ஒன்றரை வருடம் ஒழுங்காகக் கால், இடுப்பு, தோள் பயிற்சி செய்தவர் திரும்பி வரும்போது சற்று வேகமாகவே எறிவது உண்டு. "சர்ஜரியால் வேகம் கூடியது" என்ற கதை இங்கிருந்து வந்ததுதான். அதே பயிற்சியை லிகமென்ட் அறுவதற்கு முன்பே செய்திருக்கலாம்! மாற்றிய நாணும் சாகாவரம் பெற்றதில்லை. பிட்சராகவும் பேட்டராகவும் ஆடும் ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஓடானிக்கு 2018இல் செய்தார்கள்; 2023இல் அதே முழங்கையில் மறுபடி அறுவை. 2024 முழுக்க பேட்டிங் மட்டும் செய்து, 2025 ஜூனில்தான் மேட்டில் ஏறினார்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பற்றி அல்ல. அமெரிக்காவில் 2007–2011 காப்பீட்டுத் தரவுகளைப் பார்த்தபோது, இந்த அறுவை செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேல் 15 முதல் 19 வயதுப் பிள்ளைகள். 2014இல் மேஜர் லீக்கும் அந்நாட்டு பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து பிள்ளைகளுக்கு வரம்பு வகுத்தன: 9–10 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 75 பந்து, 11–12க்கு 85, 13 முதல் 16 வரை 95. 14 வயதுக்கு உட்பட்டவர் 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. இதை மீறுவது பெரும்பாலும் இரண்டு அணிகளில் ஒரே சமயம் ஆடும் பிள்ளைகள். ஒரு பயிற்சியாளர் எண்ணியதை மற்றவர் அறியமாட்டார். கூட்டிப் பார்க்க வீட்டில்தான் ஆள் வேண்டும்.

288 வெற்றி எடுத்தவர் ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பால் சாதனையாளர்களின் கௌரவப் பட்டியல்) இருப்பாரே என்று கேட்கலாம். இல்லை. 75 சதவீத ஓட்டு வேண்டும்; பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் 15 ஆண்டு பெயர் இருந்தும், கடைசி ஆண்டான 2009இல் கிடைத்த 31.7 தான் அதிகபட்சம். 300 வெற்றி என்ற எழுதாத கோட்டுக்கு 12 குறைவு. கை போன ஒன்றரை சீசனில் அந்தப் பன்னிரண்டு வந்திருக்கும் என்பது என் எண்ணம். மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரிலும் அவருக்கு ராசியில்லை. டாட்ஜர்ஸில் இருந்தபோது 1977, 1978 இரண்டிலும் யாங்கீஸிடம் தோல்வி. யாங்கீஸுக்கு மாறிய பின் 1981இல் டாட்ஜர்ஸிடம். அந்தத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 1–1 என்று இருக்கும்போதே, நான்காவது இன்னிங்ஸில் அவர் பேட் செய்யும் முறை வந்ததும் அவரை எடுத்துவிட்டு மாற்று பேட்டரை இறக்கினார்கள். யாங்கீஸ் 9–2 என்று தோற்றது.