வரிசையில் நிற்காத மூன்று பேர்

கேள்வி: மக்கள் பிரதிநிதி ஒருவர் எங்கள் பக்கத்தில் ஒரே நாளில் நான்கு மலைக் கிராமப் பள்ளிகளைப் பார்த்துவிட்டுப் போனார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டார். மறுநாள் எங்கும் அந்தப் படம். இது விளம்பரம்தானே? இதை நீங்களும் வெளியிட வேண்டுமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: வெளியிடத்தான் வேண்டும். எட்டியே பார்க்காதவர்களை விட்டுவிட்டு, வந்தவரை ஏசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்குடிகள் வாழும் நீலகிரியில், பழங்குடியினருக்கென ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. தமிழ்நாட்டில் இருக்கும் இரண்டும் ஏற்காடும் சேந்தமங்கலமும்தான். அப்படியிருக்க, சபையில் பேசக்கூடிய ஒருவர் ஜீப்பை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்தால் அது பெரிய விஷயம். பழங்குடிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியரைப் பார்க்கக் குன்னூர் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அந்த மனுவை ஒரு தாய் தன் பதியிலேயே, அதாவது தான் வாழும் பழங்குடிக் குடியிருப்பிலேயே, கொடுக்க முடிகிற நாள் அது.

என் கோபம் வேறு. ஒரே நாளில் நான்கு பள்ளி என்கிறீர்களே, அதில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு பயணத்தில் நானும் கூடப் போனேன். குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு தொடக்கப் பள்ளி. ஆனி மாதம். பத்தரைக்கு வருவதாகச் சொன்ன தலைவர் வந்து இறங்கும்போது மணி ஒன்றேகால். அதுவரை பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்ற சிறுமியின் கையில் ஒரு செவ்வந்தி. வெயிலில் அது தலை தொங்கும்போதெல்லாம் குழாயடிக்கு ஓடி, நனைத்துக்கொண்டு வந்து, அதே இடத்தில் நின்றாள். நான் பார்க்க நான்கு முறை ஓடினாள். தலைவர் பூவை வாங்கிக்கொண்டார், பாட்டுக் கேட்டார், சுவரில் இருந்த விரிசலைத் தடவிப் பார்த்துப் பழுதுபார்க்கச் சொன்னார். அரை மணி நேரம். நல்ல மனிதர்தான், சொன்னபடி சுவரும் சரியானது.

ஆனால் வருகைப் பதிவேட்டில் ஐந்தாம் வகுப்புக்கு ஒன்பது பெயர் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் ஆறு பேர். மற்ற மூவர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வண்டிகள் கிளம்பிய பிறகு சமையல்கார அம்மாவிடம் நான் கேட்டேன். பலா பழுத்துவிட்டது, விடியற்காலையிலிருந்து கீழ்ப்பாதையில் யானை நிற்கிறது, அந்தப் பதிப் பிள்ளைகள் ஏறி வர முடியாது என்றார். பலாக் காலம் முடியும்வரை இப்படித்தானாம். அது ஓய்ந்தால் காபி பறிப்பு வந்துவிடும். பெற்றவர்கள் தோட்டத்துக்குப் போக, மூத்த பிள்ளை கைக்குழந்தையோடு வீட்டில் இருந்துவிடும். பள்ளிக்கு வராத பிள்ளைக்குப் பாடம் மட்டுமா போகிறது? நீங்கள் சொல்லும் அந்த உப்புமாவும் போகிறது.

அந்த மூவரின் வீடுவரை நடக்காதவர் அந்தப் பள்ளியைப் பார்த்தார் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. அது முடியாத சிற்றூர்ப் பிள்ளைகளை வாகனம் வைத்து அழைத்துவர வேண்டியது அரசின் கடமை. வனத்துக்குள் பாதை போட முடியாது என்று யாராவது சொன்னால், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைக் காட்டுங்கள். சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர் உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். யானையின் தடம் எது, பிள்ளைகளின் பாதை எங்கே போக வேண்டும் என்பது பதியில் இருப்பவர்களுக்குத் தெரியும். தீர்மானத்தில் அவர்களே அதை எழுதட்டும்.

அந்தப் பிரதிநிதியை மறுபடி அழையுங்கள். ஒரே ஒரு பள்ளிக்கு, ஆனி மாதத்தில் வரச் சொல்லுங்கள். பூமாலை வேண்டாம், வருகைப் பதிவேட்டையும் கிராம சபைத் தீர்மானத்தையும் கையில் கொடுங்கள். தீர்மானத்தின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். அவர் சாப்பிட்ட படத்தை வெளியிட்ட அதே பக்கத்தில் அதையும் வெளியிடுகிறேன்.