கூடையில் முதலில் யார் போன்?

கேள்வி: மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் நான், மனைவி, மருமகள், மூன்று வயதுப் பேரன். மருமகள் கையில் எப்போதும் போன்தான், அடுப்படியில்கூட. பேரன் போன் இல்லாமல் ஒரு வாய் சோறு வாங்க மாட்டேன் என்கிறான். மாலை ஏழு மணிக்கு மேல் எல்லாப் போனையும் ஒரு கூடையில் போட வேண்டும் என்று சட்டம் போடப் போகிறேன். சரிதானே?
– பெயர் வேண்டாம், மன்னார்குடி வட்டம்

பதில்: இங்கே ஏழு மணி என்றால் சிங்கப்பூரில் ஒன்பதரை. உங்கள் மகன் வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டு, வீடியோ காலில் வருகிற நேரம் அநேகமாக அதுதான். அந்த நேரம் பார்த்தா கூடையைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள்?

அந்த 'எப்போதும் போனில்' என்ன நடக்கிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? கேஸ் புக் செய்வது, சிலிண்டர்காரர் வாசலில் நின்று கேட்கும் ஓடிபியைச் சொல்வது, கரண்ட் பில் கட்டுவது, உங்கள் நிலத்துக்குச் சிட்டா எடுப்பது, கொள்முதல் நிலையத்தில் நெல் போட ஆன்லைனில் பதிவது. இதையெல்லாம் நீங்களே செய்தால் மன்னித்துவிடுங்கள். செய்ய மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. முன்பெல்லாம் இதற்கு வீட்டு ஆம்பிளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ், ஈபி ஆபீஸ் என்று கிளம்புவார்கள். வழியில் டீக்கடையில் அரை மணி நேரம் போகும். திரும்பி வருகிற வரைக்கும் 'வேலையாப் போயிருக்காங்க' என்பார்கள். அதே வேலையைக் குழம்பு கொதிப்பதற்குள் ஒரு பெண் முடித்தால் குற்றமா?

உங்கள் போனைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லையே! பாசனத்துக்கு அணை திறக்கிற வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் பொழுது விடியுமுன் வாட்ஸ்அப்பில் மேட்டூர் நீர்மட்டம் பார்க்காத விவசாயி டெல்டாவில் உண்டா? பார்க்கத்தான் வேண்டும். 120 அடி அணையில் எத்தனை அடி கிடக்கிறது என்பதை வைத்துத்தானே குறுவை நெல் சாகுபடி. ஆனால் அது இரண்டு நிமிடக் காரியம். அதற்குப் பிறகு திண்ணையில் சாய்ந்துகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஃபார்வர்டு வீடியோ பார்ப்பது எந்தச் சாகுபடியில் சேர்த்தி?

பேரன் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. திரையைப் பார்த்தபடி வாய் திறக்கிற பிள்ளைக்கு என்ன சாப்பிட்டோம் என்பதே தெரியாது. சரி, போனை வாங்கி வைத்துவிட்டால் அவனுக்கு ஊட்டுவது யார்? அடுப்பில் ஒரு கண்ணும் பிள்ளை மேல் ஒரு கண்ணுமாக நிற்கிறவளா? கிண்ணத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரை வரை இடுப்பில் தூக்கிப் போய், கொக்கைக் காட்டி ஊட்டுங்கள். இருட்டிவிட்டால் கொட்டகையில் மாடு இருக்கிறது. முதல் நாலைந்து நாள் அலறுவான். அப்போது பாட்டி குறுக்கே வந்து போனை நீட்டாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

கூடை வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரி ஒன்பதுக்கு வையுங்கள். மகனிடம் எல்லோரும் பேசி முடித்ததும் முதலில் உங்கள் போன் விழட்டும். 'த்ரீ ஃபேஸ் வந்திடுச்சு, மோட்டார் போடணும்' என்று பத்து மணிக்கு எடுக்கக் கூடாது.