சுவரை இடிப்பதற்கு முன் டேப்பை எடுங்கள்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் 35 வருடப் பழைய சொந்த வீடு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டு மாடுலர் கிச்சன், இரண்டு அறைகளுக்கு வார்ட்ரோப் செய்ய ஆசை. எஃப்.டி. 8 லட்சம் இருக்கிறது. 10 லட்சம் கடன் வாங்கலாம். ஆர்க்கிடெக்ட்டைப் பார்ப்பதா, 'எல்லாம் நானே முடித்துத் தருகிறேன்' என்கிற இன்டீரியர் டிசைனரிடம் விடுவதா?

பதில்: முதலில் அந்தச் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். பூச்சோடு 10 அங்குலம் வந்தால் அது 9 அங்குலச் சுவர். அந்தக் கால வீடுகளில் பலவும் தூண் இல்லாதவை. தளத்தின் பாரத்தைச் சுவர்தான் தாங்கும். முட்டுக் கொடுத்து, இரும்பு பீமோ கான்கிரீட் பீமோ போட்ட பிறகே அதை எடுக்க முடியும். பீம் அளவைச் சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். அவரை வைத்து வேலை வாங்கும் ஆர்க்கிடெக்ட்தான் உங்களுக்குத் தேவை. 1972 சட்டப்படி ஆர்க்கிடெக்ட்டுக்குப் பதிவு எண் இருக்கும், கேளுங்கள். டிசைனருக்கு அப்படிச் சட்டப் பதிவு கிடையாது. சுவர் 5, 6 அங்குலம்தான் என்றால் அநேகமாக வெறும் தடுப்பு. இன்ஜினீயர் ஒருமுறை பார்த்துச் சொல்லிவிட்டால் டிசைனர் போதும்.

பணம் கசிவது டிசைனரின் கொட்டேஷனில்தான். 'டிசைன் இலவசம்' என்பார். கூலி பிளைவுட் விலைக்குள் உட்கார்ந்திருக்கும். சிங்க் அடியில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளை, வார்ட்ரோப்புக்கு ஐ.எஸ். 303 என்கிற பொது உபயோகப் பிளை போதும். பிராண்டு, 18 மி.மீ. கனம், கீல், டிராயர் ஓடும் சேனல் எல்லாம் எழுத்தில் வரட்டும். சதுர அடி என்பது முகப்பு அளவா, உள்தட்டுகளும் சேர்த்தா என்று கேளுங்கள். 18% ஜி.எஸ்.டி. தனி என்றால் 10 லட்சம் 11.80 லட்சம் ஆகிவிடும்.

பர்சனல் லோன் வேண்டாம். வங்கிகள் வீடு புதுப்பிக்கவே தனிக் கடன் தருகின்றன. 9% வட்டி, 10 வருடம் என்றால் 10 லட்சத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 12,670 ரூபாய். இன்ஜினீயர் எஸ்டிமேட் கேட்பார்கள். கழற்றி எடுத்துப் போகக்கூடிய சாமான்களுக்கு இந்தக் கடன் பொதுவாகக் கிடைக்காது. ஆகவே சுவர், பீம், பைப், ஒயரிங், டைல்ஸ் கடனில், மரவேலை எஃப்.டி.யில். வருமான வரியில் பழைய முறையில் இருந்தால் புதுப்பிப்புக் கடன் வட்டிக்கு வருடம் 30,000 ரூபாய் வரைதான் வரிக் கழிவு. அதற்காக மட்டும் கடனைக் கூட்டாதீர்கள்.

எஃப்.டி.யில் 2 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். பழைய சுவரை உடைத்தால் துருப்பிடித்த பைப்பும் கருகிய ஒயரும் வெளியே வரும். அந்தச் செலவு எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.